சோழமண்டலக் கரையில் ஒரு பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர்: சுய்ப்ரேனின் போர்ப்பணி (1782–1783)

ஆய்வுச்சுருக்கம்

பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் பியேர் ஆந்த்ரே தெ சுய்ப்ரேன் 1782 பிப்ரவரிக்கும் 1783 சூனுக்கும் இடையே தமிழகக் கடலிலும் ஈழத்தின் கிழக்குக் கடலிலும் ஆங்கிலேயருடன் ஐந்து போர்களை நடத்தினார். கடற்படை வரலாற்று நூல்கள் இப்போர்களை அணிவகுப்பு, துணிவு, தந்திரம் என்னும் கோணங்களிலேயே பெரிதும் ஆராய்ந்துள்ளன. அவரது பணியைக் கரையிலிருந்து நோக்குகிறது இக்கட்டுரை. துறைமுகமின்மை, பருவக்காற்று, அரிசி, போர்க்கைதிகள் ஆகிய நான்கும் அவருடைய முடிவுகளை எவ்வாறு வடிவமைத்தன என்பதும், அம்முடிவுகள் கரையோர மக்களை எவ்வாறு தாக்கின என்பதும் இங்கு விளக்கப்பெறுகின்றன.

குறிச்சொற்கள்: சுய்ப்ரேன், எட்வர்ட் ஹியூஸ், ஐதர் அலி, பழவேற்காடு, நாகப்பட்டினம், கூடலூர், திருகோணமலை, சோழமண்டலக் கரை.

முன்னுரை

பழவேற்காடு ஏரிக்கரையின் மீனவர் குடியிருப்புகளுள் ஒன்று தோணிரேவு. பெயரின் முற்பகுதி தமிழ். பிற்பகுதியான ‘ரேவு’ தெலுங்கில் படகுகள் அணையும் துறையைக் குறிக்கும். இருமொழி கலந்த இவ்வூர்ப்பெயர் அந்நிலத்தின் இயல்பைச் சுருங்கச் சொல்லிவிடுகிறது. இங்கே அணையக்கூடியது தோணியே, கப்பல் அன்று. ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்தும் திறந்தும் இடம்பெயர்ந்தும் வருவது. டச்சுக்காரர் 1613இல் கெல்திரியா கோட்டையைக் கட்டிப் பழவேற்காட்டைத் தம் சோழமண்டல வணிகத்தின் தலைமையிடமாக்கிய காலத்திலும் பெருங்கலங்கள் வெளியே ஆழ்கடலில்தான் நங்கூரமிட்டு நின்றன. சரக்கையும் ஆட்களையும் கரைசேர்த்தவை உள்ளூர்ப் படகுகளே.

இந்தக் குறை பழவேற்காட்டிற்கு மட்டும் உரியதன்று. சென்னை, சதுரங்கப்பட்டினம், புதுச்சேரி, கூடலூர், பரங்கிப்பேட்டை, நாகப்பட்டினம் என எங்கும் இதே நிலைதான். காற்றுக்கு மறைவான இயற்கைத் துறைமுகம் ஒன்றைத் தேடினால் கடல் கடந்து திருகோணமலைக்குத்தான் செல்லவேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் இக்கரையில் போரிட்ட எந்தக் கடற்படைத் தலைவரின் வாழ்க்கையையும் இவ்வுண்மையிலிருந்தே படிக்கத் தொடங்கவேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. சுய்ப்ரேனைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் வேறிடத்திலிருந்து தொடங்குகின்றன.

பெயரைக் குறித்து ஒரு சொல். ‘சுப்ரென்’, ‘சஃப்ரன்’ எனப் பலவாறு எழுதப்படும் இப்பெயரை இக்கட்டுரை, துய்ப்ளேக்ஸ், துய்மா என்பனவற்றைப் போலப் பிரெஞ்சு ஒலியைத் தமிழில் எழுதும் புதுச்சேரி மரபையொட்டிச் ‘சுய்ப்ரேன்’ என்றே வழங்குகிறது.

கரைக்கு வருமுன்

1729 சூலை 17 அன்று புரோவான்சு பகுதியிலுள்ள சேன்-கன்னாவில் பிறந்த சுய்ப்ரேன், 1743இல் கடற்படைப் பயிற்சி வீரராகச் சேர்ந்தார். மறு ஆண்டே தூலோன் போரைக் கண்டார். அதன்பின் அவருடைய இளமைக்காலப் பணியில் பெருமிதம் கொள்ளத்தக்கவை மிகுதியாக இல்லை. 1747இலும் 1759இலும் இருமுறை ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். இரு முறையும் பிரெஞ்சுக் கப்பல் அணிகள் தற்காப்பு நிலையில் நின்று முறியடிக்கப்பட்டதை நேரில் கண்டவர் அவர். அவரது பிற்காலத் தாக்குதல் வேட்கைக்கு இவ்விரு தோல்விகளே காரணம் என்பார் கூற்று ஏற்கத்தக்கதே. இடையில் மால்டாவின் புனித யோவான் சபையில் சேர்ந்து, அதன் கப்பல்களிலும் பணியாற்றினார்.

அமெரிக்க விடுதலைப் போரில் தெஸ்தேன் தலைமையில் ஒரு கப்பலுக்குத் தலைவராக இருந்த அவர், 1781 மார்ச்சில் ஐந்து போர்க்கப்பல்களுடன் பிரெஸ்த் துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். டச்சுக்காரரின் நன்னம்பிக்கை முனையை ஆங்கிலேயர் கைப்பற்றாமல் தடுப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. ஏப்ரல் 16 அன்று வெர்தே முனைத் தீவுகளிலுள்ள பிராயா துறைமுகத்தில் ஆங்கிலத் தலைவர் ஜான்ஸ்டனின் அணி நங்கூரமிட்டு நிற்பதைக் கண்டு, அது நடுநிலை நாடான போர்த்துக்கலின் துறை என்பதையும் பொருட்படுத்தாமல் உட்புகுந்து தாக்கினார். அவருடைய கப்பலும் மற்றொன்றுமே நங்கூரமிட்டு நின்று போரிட்டன. ஏனையவை குழம்பி விலகின. போர் வெற்றியில் முடியவில்லை. எனினும் ஜான்ஸ்டன் தாமதமானார். சுய்ப்ரேன் முந்திச் சென்று முனையைக் காத்தார். அவரது பிற்காலப் பணியின் இரு கூறுகளும் இந்நிகழ்ச்சியிலேயே தோன்றிவிடுகின்றன. தலைவர் முன்னே பாய்கிறார், பின்வருவோர் வருவதில்லை.

அங்கிருந்து மொரீசியசுத் தீவை அடைந்து, தோர்வ் என்பவர் தலைமையில் 11 போர்க்கப்பல்களுடன் 1781 டிசம்பரில் இந்தியா நோக்கிப் புறப்பட்டார். வழியில் 50 பீரங்கிகளைக் கொண்ட ‘ஹானிபல்’ என்னும் ஆங்கிலக் கப்பல் பிடிபட்டது. நோயுற்றிருந்த தோர்வ் 1782 பிப்ரவரி 9 அன்று இறந்தார். 52 வயதில் சுய்ப்ரேன் தனித்தலைமை ஏற்றார்.

இழந்த துறைகளும் முதற்போரும்

அவர் வந்தபோது நட்பு நாட்டுத் துறை எதுவும் எஞ்சியிருக்கவில்லை. புதுச்சேரியை ஆங்கிலேயர் 1778லேயே கைப்பற்றியிருந்தனர். 1780 டிசம்பரில் பிரித்தன் டச்சுக்காரர்மீது போர் அறிவித்தபின் பழவேற்காடு 1781இலும், நாகப்பட்டினம் அவ்வாண்டு நவம்பரிலும், திருகோணமலை 1782 சனவரியிலும் ஆங்கிலேயர் வசமாயின. சுய்ப்ரேன் சில வாரங்கள் முன்னதாக வந்திருப்பின் திருகோணமலை அவருக்குத் திறந்திருக்கும். நிலத்தில் ஐதர் அலி ஒருவரே துணை. அவருடைய குதிரைப்படை 1780 முதல் கருநாடகப் பகுதியைப் பாழாக்கிக்கொண்டிருந்தது. ஆங்கிலேயர் சென்னைக் கோட்டையைச் சுற்றிய சிறுபகுதிக்குள் ஒடுங்கியிருந்தனர்.

1782 பிப்ரவரி 15 அன்று பிரெஞ்சு அணி சென்னைக்கு வெளியே தோன்றியது. எட்வர்ட் ஹியூசின் ஒன்பது கப்பல்கள் புனித சார்ச் கோட்டையின் பீரங்கிகளுக்குக் கீழே அணிவகுத்து நின்றன. அங்கே தாக்குவது பயனற்றது என முடிவு செய்து சுய்ப்ரேன் தெற்கே திரும்பினார். ஹியூஸ் இரவோடிரவாகப் பின்தொடர்ந்து, பிரெஞ்சுச் சரக்குக் கப்பல்கள் சிலவற்றைப் பிடித்தார். அவற்றுள் ஒன்றில் படைவீரரும் முற்றுகைக் கருவிகளும் இருந்தன. பிப்ரவரி 17 பிற்பகலில் சதுரங்கப்பட்டினத்திற்கு வெளியே முதற்போர் நிகழ்ந்தது. ஆங்கில வரிசையின் பின்பகுதியை இருபுறமும் வளைக்கச் சுய்ப்ரேன் முயன்றார். ‘எக்செட்டர்’ என்னும் கப்பல் சிதைந்து மூழ்கும் நிலைக்கு வந்தது. அதன் தலைவர் மாண்டார். ஆனால் பிரெஞ்சுக் கப்பல்களுள் பல நெருங்காமல் தொலைவிலேயே நின்றுவிட்டன.

ஹியூஸ் பழுதுபார்க்கத் திருகோணமலைக்குச் சென்றார். சுய்ப்ரேன் பரங்கிப்பேட்டையில் படையை இறக்கினார். அப்படை ஐதருடன் இணைந்து, ஏப்ரல் தொடக்கத்தில் கூடலூரைப் பெற்றது. கூடலூர் அவருக்குக் கிடைத்த முதல் துறை. ஆயினும் அது திறந்த கடல். கப்பல் தளமோ மரக்கலப் பொருள்களோ அங்கில்லை.

துறைமுகமின்றிக் கப்பல் நடத்துதல்

இரு தலைவர்களின் வசதிகளை ஒப்பிடாமல் அவர்களின் திறமையை எடைபோட முடியாது. ஹியூசின் கப்பல்கள் அனைத்தும் அடிப்பகுதியில் செப்புத்தகடு வேயப்பட்டவை. பிரெஞ்சுக் கப்பல்களுள் ஒரு பகுதியே அவ்வாறு வேயப்பட்டிருந்தது. எஞ்சியவை பாசியும் சிப்பியும் படிந்து வேகம் குறைந்தன. வரிசை ஒருசீராக ஓடாமைக்குத் தளபதிகளின் தயக்கம் மட்டுமன்றி இதுவும் காரணம். ஹியூசுக்குப் பம்பாயில் உலர்தளம் இருந்தது. சுய்ப்ரேனின் மிக அருகிய தளமான மொரீசியசு கடல் கடந்து பல வாரத் தொலைவில் கிடந்தது. கொடிமரம் முறிந்தால் சிறுகப்பல்களிலிருந்தும் பிடிபட்ட கப்பல்களிலிருந்தும் மரங்களைக் கழற்றிப் பெரிய கப்பல்களில் பொருத்தினார். உணவும் பெருமளவு எதிரியிடமிருந்தே கிடைத்தது.

இதனோடு பருவக்காற்றையும் சேர்க்கவேண்டும். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவம் தொடங்கியதும் எந்தப் படையும் இக்கரையில் நிற்கலாகாது. எனவே கடற்போரின் ஆண்டு சனவரி முதல் செப்டம்பர் வரையிலானது. இந்நாள்காட்டியை மீறினால் என்ன நேரும் என்பதைச் சென்னை 1782இல் கண்டது.

கப்பலுக்கும் கரைக்கும் இடையே உள்ள அலைவாயைக் கடந்தவை தைத்த பலகைகளாலான மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும். ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்ட மசூலா, மணலில் மோதினாலும் நெகிழ்ந்து கொடுக்கும். ஐரோப்பியப் படகு பிளந்துவிடும். கடிதங்களைக் கப்பலுக்குக் கொண்டுசென்றோர் கட்டுமரக்காரரே. ஐரோப்பியப் பேரரசுகளின் போர் இந்தக் கடைசிச் சில நூறு கோல் தொலைவில் மீனவரின் தோள்வலிமையை நம்பியிருந்தது. கடற்படைத் தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகளில் அவர்கள் பெயரற்ற ‘படகோட்டிகளாக’ வந்துபோகின்றனர்.

நாகப்பட்டினம்: கொடி இறக்கிய கப்பல்

1782 ஏப்ரல் 12 அன்று ஈழத்தின் கிழக்குக் கரைக்கு அப்பால் நிகழ்ந்த புரொவிதியன் போர் கடுமையானது. இருபுறமும் இறந்தோர் தலைக்கு 137 பேர். முடிவு எட்டப்படாமலே இரு அணிகளும் பழுதுற்றுப் பிரிந்தன.

மூன்றாம் போர் சூலை 6 அன்று நாகப்பட்டினத்திற்கு வெளியே நடந்தது. அந்நகரை மீட்கவே சுய்ப்ரேன் வந்தார். போர் மும்முரமான வேளையில் காற்று திடீரெனத் திசைமாறி, இரு வரிசைகளும் கலைந்தன. அக்குழப்பத்தில் ‘செவேர்’ என்னும் பிரெஞ்சுக் கப்பலின் தலைவர் சரணடைவதற்கு அடையாளமாகக் கொடியை இறக்கினார். அவருடைய கீழ்நிலை அலுவலர்கள் மறுத்து, மீண்டும் போரைத் தொடர்ந்தனர். கப்பல் தப்பியது. ஹியூஸ், சரணடைந்த கப்பலை ஒப்படைக்கவேண்டும் எனக் கேட்டார். கொடிக்கயிறு குண்டுபட்டு அறுந்ததால் கொடி வீழ்ந்தது எனச் சுய்ப்ரேன் விடை அனுப்பினார். உண்மையைப் பின்னரே அறிந்தார் என்பர்.

பிரெஞ்சுத் தரப்பில் 178 பேர் இறந்து 601 பேர் காயமுற்றனர். ஆங்கிலேயரில் இறந்தோர் 77, காயமுற்றோர் 233. நாகப்பட்டினம் மீளவில்லை. போருக்குப்பின் சுய்ப்ரேன் தம் தளபதிகள் சிலரைப் பதவி நீக்கிப் பிரான்சுக்கு அனுப்பினார்.

அவர் கோபத்தை வரலாற்றாசிரியர் பலரும் நியாயமெனக் கொள்கின்றனர். 1890இல் வெளியான அமெரிக்கர் மகானின் புகழ்பெற்ற கடல்வலிமை நூலும், அவரைப் போற்றும் அதே வேளையில், கீழுள்ளோரைத் தம் கருத்திற்குப் பழக்கும் பணியில் அவர் குறைவுபட்டதைச் சுட்டுகிறது. இக்குறையை இன்னும் அழுத்திச் சொல்லலாம். தம் திட்டத்தை முன்கூட்டி விளக்காமல், போர்முனையில் கொடிக்குறிகளால் புதிய அமைப்பை ஏற்படுத்த முயன்ற தலைவர், ஐந்து போர்களிலும் ஒரே வகைக் கீழ்ப்படியாமையைச் சந்தித்தார் என்றால், பழி முழுவதும் கீழோரைச் சாராது.

ஐதருடன் சந்திப்பும் கைதிகள் விவகாரமும்

நாகப்பட்டினப் போருக்குப்பின் கூடலூர் திரும்பிய சுய்ப்ரேனைக் காண ஐதர் அலி பெரும்படையுடன் வந்து பாகூர்ப் பக்கத்தில் பாளையமிட்டார். சூலை இறுதியில் இருவரும் சந்தித்தனர். பருத்த உடலினரான சுய்ப்ரேன் தரையில் சம்மணமிட்டு அமர இடர்ப்பட்டதைக் கண்டு ஐதர் மெத்தைகளை வரவழைத்தார் என்னும் செய்தி எல்லா வரலாறுகளிலும் இடம்பெறுகிறது. சந்திப்பின் பொருள் அதனினும் பெரிது. தரையிறங்கிய பிரெஞ்சுப் படையின் செயலின்மையால் சலிப்புற்றிருந்த ஐதர், இக்கடல் தலைவரை நம்பியே கூட்டணியில் நீடித்தார். அரிசியும் மாடுகளும் பணமும் அவரிடமிருந்தே வரவேண்டியிருந்தன.

இவ்வாண்டின் மற்றொரு நிகழ்ச்சி அவருடைய பணியின்மீது படிந்த நீங்காக் கறை. பிடிபட்ட கப்பல்களிலிருந்து நூற்றுக்கணக்கான ஆங்கிலக் கைதிகள் அவர் வசம் இருந்தனர். அவர்களுக்கு உணவளிக்கவும் காவலிடவும் இடமில்லை. கைதிப் பரிமாற்றத்திற்குச் சென்னை அரசு இணங்கவில்லை. விடுவித்தால் மறுநாளே ஹியூசின் கப்பல்களில் ஏறுவர். அவர் அவர்களை ஐதரிடம் ஒப்படைத்தார்.

அதன் விளைவை ஹானிபல் கப்பலில் சிறுவனாகப் பணியாற்றிய ஜேம்ஸ் ஸ்கர்ரியின் நூல் காட்டுகிறது. கூடலூரிலிருந்து சிதம்பரத்திற்கும் அங்கிருந்து மைசூர் அரசின் கோட்டைகளுக்கும் நடத்திச் செல்லப்பட்ட அவர், ஏறத்தாழ 10 ஆண்டுகள் சிறையிலும் கட்டாயப் படைப்பணியிலும் கழித்தார், விருப்பமின்றி மதமாற்றப்பட்டார். 1824இல் வெளியான அந்நூல், மைசூர் அரசின் வீழ்ச்சியை நியாயப்படுத்திய ஆங்கிலச் சிறைக்கதை மரபைச் சேர்ந்தது என்பதை மறக்கலாகாது, மிகைகள் இருக்கக்கூடும். ஆயினும் ஒப்படைப்பு நிகழ்ந்ததில் ஐயமில்லை. சென்னை அரசின் பிடிவாதமும் ஒரு காரணம் என்னும் பிரெஞ்சுத் தரப்பு வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் இருமுறை ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டு நலமாக நாடு திரும்பிய ஒருவர் இம்முடிவை எடுத்தார் என்பது அவ்வாதத்தின் வலிமையைக் குறைக்கிறது.

அரிசியும் புயலும்

சுய்ப்ரேனின் மிகப்பெரிய வெற்றி 1782 ஆகஸ்டு இறுதியில் கிட்டியது. ஹியூஸ் வருமுன் திருகோணமலையை முற்றுகையிட்டுக் கைப்பற்றினார். இரண்டொரு நாளில் வந்துசேர்ந்த ஹியூசுடன் செப்டம்பர் 3 அன்று நான்காம் போர் நிகழ்ந்தது. அதிலும் ஒருசில கப்பல்களே நெருங்கிப் போரிட்டன. சுய்ப்ரேனின் ‘எரோ’ கப்பலின் நடுக்கொடிமரம் முறிந்து வீழ்ந்தது. திரும்புகையில் ஒரு கப்பல் திருகோணமலை வாயிலில் பாறையில் மோதி அழிந்தது; மற்றொன்று பின்னர்க் கூடலூருக்கு அருகே தரைதட்டியது. எனினும் துறை கைக்கு வந்தது.

சென்னையில் நிலைமை வேறு. உள்நாட்டு வேளாண்மை ஐதரின் படையெடுப்பால் குலைந்திருக்க, நகரம் வங்காளத்திலிருந்தும் வடசர்க்காரிலிருந்தும் கடல்வழி வந்த அரிசியை நம்பியிருந்தது. பழவேற்காட்டை ஒட்டிச் செல்லும் வடகரைக் கடல்வழியே நகரின் உணவு வழி. பிரெஞ்சுக் கப்பல்கள் அரிசிக் கலங்களைப் பிடித்தபோது ஹியூசின் படை மட்டுமன்றி நகரத்து ஏழைகளும் பட்டினி கிடந்தனர். ஊர்ப்புறங்களிலிருந்து ஓடிவந்த அகதிகளால் நகரம் நிரம்பியிருந்தது. அக்டோபர் 15 அன்று ஹியூஸ் பம்பாய்க்குப் புறப்பட்ட வேளையில் வீசிய புயல், நங்கூரத்தில் நின்ற அரிசிக் கலங்கள் பலவற்றை உடைத்தெறிந்தது. பஞ்சம் முற்றியது. மணியக்காரர் சத்திரம் எனப் பின்னர் அறியப்பட்ட கஞ்சித்தொட்டி 1782இல் தோன்றியது இச்சூழலில்தான். அவ்விடத்தின் மருத்துவப்பணியே பிற்காலத்தில் ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்தது. ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்னும் வழக்கு நெடுங்காலம் நிலைத்தது.

இந்தப் பஞ்சத்தைச் சுய்ப்ரேனின் வாழ்க்கை வரலாறுகள் ஓரிரு வரிகளில் கடக்கின்றன. சென்னைப் பஞ்ச வரலாறுகளில் சுய்ப்ரேனின் பெயர் அரிது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்காமல் எதுவும் முழுமையாக விளங்காது.

மழைக்காலத்தில் மொரீசியசுக்குத் திரும்பாமல், சுமத்திராவின் அச்சேயில் தங்கினார் சுய்ப்ரேன். எதிரி பம்பாயிலிருந்து சுற்றி வருமுன் கரையை அடையும் கணக்கு அது. 1783 சனவரியில் கஞ்சம் பகுதிக்கு வந்து கப்பல்களைப் பிடித்தபோது, ஐதர் முந்தைய டிசம்பர் 7 அன்றே இறந்துவிட்ட செய்தியை அறிந்தார்.

கூடலூர்: இறுதிப்போர்

1783 மார்ச்சில் புய்சி புதிய படையுடன் வந்தார். துய்ப்ளேக்ஸ் காலத்தில் தக்காணத்தில் புகழ்பெற்ற புய்சி இப்போது முதியவர், நோயாளி. சூனில் ஆங்கிலத் தளபதி ஸ்டுவர்ட் கூடலூரை முற்றுகையிட்டார். சூன் 13 தாக்குதலில் ஆங்கிலேயர் தரப்பில் இறந்தோரும் காயமுற்றோரும் ஏறத்தாழ ஆயிரம் பேர். ஆயினும் புய்சி கோட்டைக்குள் அடைபட்டார். ஸ்டுவர்ட்டின் படைக்கு உணவும் வெடிமருந்தும் கடல்வழியே வந்துகொண்டிருந்தன. அக்கடலை ஹியூசின் 18 கப்பல்கள் காத்தன.

சுய்ப்ரேன் 15 கப்பல்களுடன் வந்தார். ஆள் குறைவு. ஹியூசின் அணி நகர்ந்த இடைவெளியில் கூடலூருக்கு வெளியே நங்கூரமிட்டு, கோட்டையிலிருந்து 1,200 பேரைக் கப்பல்களில் ஏற்றினார்; அவர்களுள் சிப்பாய்களும் இருந்தனர். தரைப்போருக்குப் பழகிய தமிழ்நிலத்துச் சிப்பாய் பிரெஞ்சுப் போர்க்கப்பலின் பீரங்கித்தளத்தில் நின்ற அந்நாளைப் பற்றி ஒரு தனி ஆய்வே செய்யலாம். சூன் 20 மாலை நிகழ்ந்த போரில், போரின்போது தலைவர் சிறுகப்பலில் இருந்தே ஆணையிடவேண்டும் என்ற பிரெஞ்சு மன்னரின் புதிய கட்டளைப்படி அவர் ஒரு சிறுகப்பலில் இருந்து நடத்தினார். பிரெஞ்சுத் தரப்பில் 102 பேரும் ஆங்கிலத் தரப்பில் 99 பேரும் மாண்டனர். கப்பல் எதுவும் பிடிபடவில்லை. ஆனால் நீரின்றி, நோயால் ஆளிழந்து நின்ற ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். முற்றுகையிட்டவர் கடல்வழி அடைபட்டார். ஐந்து போர்களுள் பயன் தெளிவாகத் தெரிந்தது இதில் மட்டுமே.

அப்பயனும் ஒன்பது நாள்களே நிலைத்தது. சூன் 29 அன்று வெள்ளைக்கொடியுடன் வந்த ஆங்கிலக் கப்பல் ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்ட செய்தியைக் கொணர்ந்தது. தொடக்க உடன்படிக்கை சனவரி 20 அன்றே கையெழுத்தாகியிருந்தது. கூடலூரில் மாண்டோர், ஐரோப்பாவில் போர் முடிந்து ஐந்து மாதங்களுக்குப்பின் மாண்டனர்.

பின்விளைவுகள்

1784இல் பிரான்சு திரும்பிய சுய்ப்ரேனுக்கு அவருக்கெனவே நான்காம் துணை அட்மிரல் பதவி உருவாக்கப்பட்டது. 1788 டிசம்பர் 8 அன்று பாரிசில் இறந்தார். மற்போரில் கொல்லப்பட்டார் என்னும் வதந்தி பிற்காலத்தில் பரவியது. பிரெஞ்சுக் கடற்படை அவர் பெயரைத் தொடர்ந்து தன் கப்பல்களுக்கு இட்டு வருகிறது. 2020இல் பணியேற்ற அணுவாற்றல் நீர்மூழ்கியும் அப்பெயரையே தாங்குகிறது. புதுச்சேரியில் அவர் பெயரால் ஒரு வீதி உண்டு.

கரையில் அவர் போரிட்டுக் காத்தவை பேச்சுமேசையில் கைமாறின. கூடலூர் ஆங்கிலேயருக்குத் திரும்பியது. அவர் வென்ற திருகோணமலை டச்சுக்காரருக்குச் சென்றது. அவர் மீட்கத் தவறிய நாகப்பட்டினத்தை 1784 உடன்படிக்கையில் டச்சுக்காரர் ஆங்கிலேயருக்கு நிலையாக விட்டுக்கொடுத்தனர். புதுச்சேரி 1785இல் பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்தது. பழவேற்காடு டச்சுக்காரரிடம் மீண்டு, 1795இல் மறுபடி ஆங்கிலேயரிடம் சென்று, 1824 உடன்படிக்கையின்படி 1825இல் முற்றிலும் அவர்களுக்கே உரியதாயிற்று. கெல்திரியா கோட்டை அதற்கு முன்பே இடிக்கப்பட்டுவிட்டது. அங்கு இன்று காணத்தக்கது, தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டம்.

இக்காலத்தைத் தமிழில் எழுதிவைத்த ஒருவர் உண்டு. புதுச்சேரியில் நயினார் பதவி வகித்த குடும்பத்தவரான இரண்டாம் வீரா நாயக்கரின் நாட்குறிப்பு 1778 முதல் 1792 வரையிலான ஆண்டுகளைத் தழுவுகிறது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பெற்ற கவனத்தில் ஒரு சிறு பங்கைக்கூட இது பெறவில்லை. 1782 பிப்ரவரி 15, 17, ஏப்ரல் 12, சூலை 6, செப்டம்பர் 3, 1783 சூன் 13, 20, 29 ஆகிய நாள்களை ஒட்டிய பதிவுகளை ஹியூஸ், சுய்ப்ரேன் ஆகியோரின் அறிக்கைகளோடு நாள்வாரியாக ஒப்புநோக்குவது, தமிழ் மூலங்களைக் கையாளத் தெரிந்த ஓர் ஆய்வாளர் உடனே தொடங்கக்கூடிய பணி.